செவ்வாய்க்கிழமை நோயாளி

அந்தக் கவரைக் கம்பியோரமாச் சொருகாதீங்க, வளைஞ்சு போயிரும். மடியில படுக்க வெச்சுக்குங்க. எக்கோ ரிப்போர்ட்டுங்களா? அப்ப இருதயம். நான் நெனச்சேன், கவரைப் பாத்தே சொல்லிருவேன். ஈரோட்டுல எந்த டாக்டருங்க? குழந்தைவேலுங்களா? அட, அப்ப நம்ம ஆளு நீங்க. மொதத் தடவையா? அதான் மொகம் இப்படி வெளுத்துக் கெடக்குது. ஒண்ணும் ஆகாதுங்க. ஈரோடு போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிர்றேன், நீங்க பயமில்லாம உள்ள போலாம்.

நானும் அங்கதான் போறேன். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை பாருங்க. எனக்கு என்னன்னா கேக்கறீங்க? இன்னைக்கு எனக்கு வால்வு சுருங்கியிருக்குது. போன வாரம் நெஞ்சுவலி. சிரிக்காதீங்க, வெளாட்டுக்குச் சொல்லல. நான் அங்க நோயாளி இல்லீங்க, நோயாளியா உத்தியோகம் பாக்கறேன். அது எப்படின்னு சொல்றேன். ஆனா ஒண்ணு, அங்க ஹால்ல என்னையத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. இது ரகசியம்.

என்ற பேரு சாமியப்பன். கவர்மென்ட் பஸ்சுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். இதே ரூட்டுல எத்தனை பேரை நடுவழியில எறக்கி உட்டிருக்கேன்னு அந்தக் கண்டக்டரைக் கேட்டுப் பாருங்க. அவருக்குத் தெரியாது, அவரு புதுசு. செக்கிங்குல ஒரு பாடம் இருக்குதுங்க. டிக்கெட் வாங்குனவன் நம்ம மொகத்தைப் பாப்பான். வாங்காதவன் சன்னலைப் பாப்பான். வெளிய என்னமோ தேரோடற மாதிரி பாப்பான். இந்த ஒரு பாடத்த வெச்சுத்தான் அந்த ஆஸ்பத்திரியவே நான் தூக்கி நிறுத்துனேன். அகம்பாவமாச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, நடந்ததைச் சொல்றேன்.

எனக்கு இருதயம் வந்தது ஒரு முகூர்த்த நாள்லங்க. பஸ் பூராவும் கல்யாணக் கோஷ்டி, பாதிப் பேருக்கு டிக்கெட் இல்ல. மாப்பிள்ளைக்கே டிக்கெட் இல்லீங்க. மாலையோட நிக்கறான், எங்கிட்ட, மொய்யில கழிச்சுக்கலாமுங்கறான். நான் கத்துன கத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கண்ணு இருட்டிருச்சு. அப்பத்தான் குழந்தைவேலு டாக்டரு ஈரோட்டுல சின்ன ரூமா எடுத்து உக்காந்திருந்தாரு. ஈசிஜி பாத்தாரு. பயப்பட ஒண்ணுமில்ல, இந்த மாத்திரையப் போடுங்க, அடுத்த மாசம் வந்து காட்டுங்கன்னாரு. வந்து காட்டுங்கன்னாரே தவிர, எத்தனை மாசத்துக்குன்னு சொல்லல. நான் பதினெட்டு வருசம் காட்டுனேன்.

மாத்திரை வாங்கறது என்னமோ மாசத்துக்கு ஒருக்காத்தான். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் நான் வாராவாரம் போயிர்றது. ஹாலைப் பாத்துக்க ஒரு ஆளு வேணுமில்லீங்களா? டாக்டரு உள்ள இருக்காரு, கலாமணி போனைப் பாக்குது, வர்ற சனத்துக்கு யாரு சொல்றது? கலாமணிங்கறது முன்னால உக்காந்து டோக்கன் குடுக்கற பொண்ணு. ஒண்ணாம் நம்பர் டோக்கனை எனக்குன்னு எடுத்து வெச்சிரும். மீன் தொட்டிக்குப் பக்கத்துச் சேரு என்ற சேரு. ரத்தம் எடுக்கறதுக்கு எந்த ரூமு, ஈசிஜிக்குச் சட்டையக் கழட்டோணுமா, காலைல சாப்பிட்டுட்டு வரலாமா, எல்லாம் எங்கிட்டத்தான் கேப்பாங்க. உள்ள போனா டாக்டரு ஸ்டெதஸ்கோப்பை வெப்பாரு, எப்படி இருக்கீங்கம்பாரு, அதே மாத்திரையம்பாரு. வெளிய வந்து மறுபடியும் உக்காந்துக்குவேன்.

மொதல்ல என்ற சம்சாரமும் கூட வருமுங்க, ருக்மணி. செவ்வாய்க்கிழமைன்னா காலைல எங்க ஊட்டுல சந்தகை. வெந்த மாவை அச்சுல போட்டு நான் அழுத்துவேன், நூல் நூலா எறங்கறதை அவ தட்டுல ஏந்துவா. சாப்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறுவோம். அவ போய்ச் சேந்தப்புறம் அச்சு பரண்மேல ஏறிருச்சு. அது வேற கதைங்க, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. எங்க உட்டேன்? ஆங், கூட்டம்.

கூட்டம் சேந்துபோச்சுங்க. வெள்ளக்கோயில்ல இருந்து வர்றாங்க, அந்தியூர்ல இருந்து வர்றாங்க. காலைல வந்தவன் பொழுது சாயத்தான் ஊடு திரும்பறான். டாக்டரு பாத்தாரு, பிசிஷியன் அசிஸ்டென்ட்டுன்னு ஒரு ஆளைப் போட்டாரு. அதுக்குன்னே காலேஜ் இருக்குதாமா, வருசக்கணக்காப் படிக்கறாங்களாமா. நம்மளை மொதல்ல உக்கார வெச்சு என்ன பண்ணுது, எப்ப இருந்து பண்ணுதுன்னு கேட்டு, நாடி பிடிச்சு, பிரஷர் பாத்து, எல்லாத்தையும் டாக்டர்கிட்டச் சொல்லுவாங்க. டாக்டரு அதுக்கப்புறம் பாத்து முடிவு சொல்லுவாரு. நல்ல ஏற்பாடு. ஆனா நம்ம சனம் இருக்குதே.

நம்ம சனம் வியாதிய பஸ் ஏறும்போதே முடிச்சுப் போட்டு மடியில கட்டிக்கிட்டு வருமுங்க. டாக்டரு மொகத்தைப் பாத்துத்தான் அவுக்கும். நடுவுல வேற ஆளு கேட்டா அவுக்குமா? மொதல்ல வந்தவன் திண்டுக்கல்லுப் பையன். தங்கமான பையன். என்ன பண்ணுதுங்கன்னு கேப்பான். அதை டாக்டர்கிட்டச் சொல்லிக்கறேன்பாங்க. எப்ப இருந்துங்கன்னு கேப்பான். அதையும் டாக்டர்கிட்டச் சொல்லிக்கறேன்பாங்க. சிவகிரிப் பக்கம் ஒரு பெரியம்மா, வெள்ளையம்மாள்னு, அவன் பேரைக் கேட்டதுக்கு, பேரு டாக்டருக்குத் தெரியும் போ கண்ணுன்னுட்டா. அவன் டாக்டருக்கு முன்னால வெறுங்கையோட போய் நிப்பான். கொஞ்ச நாள்ல சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டான்.

அப்புறம் வந்ததுதானுங்க ஜெபசெல்வி. தூத்துக்குடிப் பக்கம். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, கழுத்துல சின்னதா ஒரு சிலுவை. டாக்டரு அன்னைக்கே சொல்லிட்டாரு. பொங்கலுக்குள்ள சனம் உங்ககிட்ட உக்காந்து பேசோணும், இல்லீன்னா இந்த ஏற்பாட்டையே உட்டுர்றேன்னு. இதைக் கலாமணி எங்கிட்டச் சொல்லுச்சு. எனக்கு மனசு பொறுக்கல. அவ்வளவு தூரத்துல இருந்து வந்த புள்ள, தீவாளிக்கு வந்து பொங்கலுக்குத் திரும்பிப் போறதா? சரி, இதை நம்ம கையில எடுத்துக்குவோம்னு முடிவு பண்ணுனேன்.

புதுக் கண்டக்டரை எப்படிப் பழக்குவோம் தெரியுங்களா? சாதாச் சட்டை போட்டுக்கிட்டு பஸ்சுல ஏறி உக்காந்துக்குவோம். அவனுக்குத் தெரியாது. அதே முறையத்தான் இங்கயும் வெச்சேன். மொத வாரம் போய், அம்மிணி, இடது கையி வலிக்குதுன்னேன். அது எல்லாம் கேட்டுச்சு, ஈசிஜி எடுத்துச்சு. சுத்தமா இருந்துச்சு. அடுத்த வாரம் மாடி ஏறுனா மூச்சு வாங்குதுன்னேன். எக்கோ எடுத்துச்சு. சுத்தம். அதுக்கடுத்த வாரம் கால் வீங்குதுன்னேன். ராத்திரியில இருமல்னேன். ஒரு வாரம், பல்லுல இருந்து வலி கெளம்புதுன்னு கூடச் சொல்லிப் பாத்தேன். எதையுமே உடல அந்தப் புள்ள. அதுக்குத் தொழில் பழகோணும்னு நான் எத்தனை வியாதி பட்டேன்னு எனக்குத்தான் தெரியும்.

இது ஒரு பக்கம். சனத்தை எப்படி வழிக்குக் கொண்டுவர்றது? நம்மூருக்காரனுக்குப் படிப்பைச் சொன்னா ஏறாதுங்க, சொந்தத்தைச் சொன்னா ஏறும். ஒரு நாளு ஹால்ல உக்காந்துக்கிட்டு பக்கத்து ஆளுகிட்ட மெதுவாச் சொன்னேன், அது யாருன்னு நெனச்சீங்க, டாக்டரோட அக்கா மகளாச்சேன்னு. மெதுவாச் சொன்னாத்தான் சீக்கிரம் பரவும். மத்தியானத்துக்குள்ள ஹால் பூராவும் போயிருச்சு. டாக்டரு கவுண்டரு, இந்தப் புள்ள கழுத்துல சிலுவை போட்டிருக்குதே, எப்படிங்கன்னு ஒருத்தன் கேட்டான். சுருக்குன்னு கேட்டுட்டான். நானும் உடல. அக்கா காதலிச்சுத் தூத்துக்குடிப் பக்கம் போயிருச்சு, ரெண்டு ஊட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல, இப்பத்தான் மாமன் மனசு எறங்கி வேலை குடுத்திருக்காருன்னேன். அக்கா கதை ஊர்க்கதையாயிருச்சுங்க. பொம்பளைங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அடுத்த வாரத்துல இருந்து பாக்கோணும் நீங்க. வெள்ளையம்மாள் பேரைச் சொன்னது மட்டுமில்ல, பெத்த புள்ளைக்குக் கூடத் தெரியாம மாத்திரைய நிறுத்துனது, கால் எரிச்சலுக்கு எங்கயோ வேர் வாங்கித் தின்னது, எல்லாத்தையும் அந்தப் புள்ளை மடியில கொட்டுனா. நம்ம டாக்டரு அக்கா மகதானே, அதுகிட்டச் சொன்னா என்னன்னு. முறுக்கு வருது, எளநி வருது, மாப்பிள்ளை ஜாதகம் கூட வந்துச்சுங்க. அந்தப் புள்ள தலையில அடிச்சுக்கிட்டு, நான் அவங்களுக்குச் சொந்தமே இல்ல பாட்டிங்குது. பாவம், ஊட்டுச் சண்டைய வெளிய காட்டிக்காம மறைக்குது பாருன்னு இன்னும் பிரியமாயிட்டாங்க.

கார்த்திகை தீபம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல டாக்டரம்மா எதுக்கோ அங்க வந்தாங்க. டாக்டரோட சம்சாரம். வெள்ளையம்மாள் நேரா எந்திரிச்சுப் போயி அவங்க கையப் புடிச்சுக்கிட்டா. போனாப் போகுது உடு கண்ணு, நாத்தனா ஓடிப்போனா என்ன, புள்ளைய நல்லாத்தானே படிக்க வெச்சிருக்கா, ஒருக்கா ஊட்டுக்குக் கூப்புட்டு சோறு போடுன்னா. டாக்டரம்மா உள்ள போனாங்க. டாக்டரு என்னைய உள்ள கூப்புட்டாரு. சாமியப்பன், எனக்கு அக்காவே இல்லையேன்னாரு. அது எனக்கு அப்பத்தானுங்க தெரிஞ்சுது. அண்ணன் தம்பி மூணு பேரு மட்டும்தானாமா. நான் சும்மா இருப்பனா? அப்ப சின்னம்மா மகள்னு மாத்திச் சொல்லட்டுங்களான்னு கேட்டேன். அவரு தலையப் புடிச்சுக்கிட்டு, இனிமே எதையும் மாத்த வேண்டாம், போங்கன்னுட்டாரு.

பொங்கல் வந்துச்சு. ஜெபசெல்விக்கு வேலை நெரந்தரமாயிருச்சு. கலாமணி ஹாலுக்கெல்லாம் மிட்டாய் குடுத்துச்சு. நான் ரெண்டு எடுத்துக்கிட்டேன், நியாயந்தானே. இப்படியெல்லாம் தூக்கி உட்டேனே, அந்தப் புள்ள மொத வேலையா என்ன பண்ணுச்சு தெரியுங்களா? கவுந்தப்பாடி வந்துருச்சு, தண்ணி கிண்ணி குடிக்கறதுன்னா குடிச்சுக்குங்க. வேண்டாமா? சரி கேளுங்க.

என்ற பழைய ஈசிஜி எல்லாத்தையும் எடுத்து வரிசையா வெச்சுப் பாத்திருக்குது. பதினெட்டு வருசத்தையும். அப்புறம் ஒரு மிஷினை நெஞ்சுல கட்டி உட்டு, நாளைக்கு இதே நேரத்துக்குக் கழட்டிக்கலாமுன்னுச்சு. நானும் பெருமையாக் கட்டிக்கிட்டுத் தெருவுல நடந்தேன், சட்டைப் பொத்தானை ரெண்டு அவுத்து உட்டுக்கிட்டு. மறுவாரம் உள்ள கூப்புட்டு உக்கார வெச்சு, மொகமெல்லாம் சிரிப்பா, ஐயா, உங்க இருதயம் நல்லா இருக்குன்னுச்சு. நீங்க சொன்ன மாதிரி பயப்படற வியாதி ஒண்ணுமே இல்ல. மாத்திரையக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சு நிறுத்திரலாம், டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். இனிமே நீங்க வருசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்னுச்சு.

வருசத்துக்கு ஒருக்கா.

எனக்குக் காதுல உழுந்தது மண்டையில ஏறல. என்னம்மிணி, கைவலி, மூச்சு வாங்குனது, கால் வீக்கம் எல்லாம் என்னாச்சுன்னேன். அது சொல்லுது, ஐயா, மூச்சு வாங்குதுன்னு சொன்ன அன்னைக்கே, எனக்கு முன்னால மாடிப்படியேறிப் போயி லைட்டுப் போட்டுக் குடுத்தது நீங்கதானேங்குது. எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும், இருந்தாலும் வயசானவங்க சொல்றத ஒதுக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் பாத்தேங்குது. பாத்தீங்களா? பரீட்சை வெச்சவனுக்கே ரிசல்ட்டுப் போட்டுருச்சு. நான் டாக்டர்கிட்டப் போய் நின்னேன். இத்தனை வருசமா நீங்க ஏன் வர்றீங்கன்னு நான் ஒரு நாளும் கேக்கலையே சாமியப்பன், என்ற தப்புன்னாரு. மாத்திரைக்கு வந்தேனுங்கன்னேன்.

ஊருல எல்லாரும் சந்தோசப்படுங்கன்னாங்க. ஓசூர்ல இருந்து மகன் போன் பண்ணி, சூப்பர்ப்பான்னு சொல்லிட்டு வெச்சுட்டான். செவ்வாய்க்கிழமை வந்துச்சு. காலைல எந்திரிச்சேன், குளிச்சேன், இஸ்திரிச் சட்டை போட்டேன். போட்டுட்டு எங்க போறது? சட்டையோட ஊட்டுலயே உக்காந்திருந்தேன். மத்தியானச் சோத்தைக் காலைலயே தின்னு தீத்துட்டேன். பொழுது போகவே இல்லீங்க. நோவு இருந்தப்பக் கூட எனக்கு அப்படி நோவல.

அதுக்கடுத்த வாரம் கெளம்பிப் போயிட்டேன். மாத்திரையக் கொறைக்கறதுல ஒரு சந்தேகம்னு மனசுல வெச்சுக்கிட்டுப் போனேன். கலாமணி, உங்களுக்கு இன்னைக்கு டோக்கன் இல்லீங்களேன்னுச்சு. பரவால்ல அம்மிணி, சும்மா உக்காந்திருக்கேன்னேன். மீன் தொட்டிச் சேர்ல யாரோ பவானிக்காரன் உக்காந்திருந்தான். நான் தள்ளி ஓரமா உக்காந்தேன். வர்றவங்க போறவங்க எல்லாம் என்ன நம்பருங்கன்னு கேக்கறாங்க. ஆயுசு பூராவும் ஓசியில ஏறுனவனையெல்லாம் புடிச்சு எறக்குனவனுங்க நான். அன்னைக்கு டோக்கன் இல்லாம உக்காந்திருக்கேன். எங்க பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்னு நெனைக்கறீங்க? சன்னலைத்தான். எனக்கே அது தெரிஞ்சதும் அவமானமாப் போயி எந்திரிச்சு வந்துட்டேன்.

வேற டாக்டருங்களையும் பாத்தேன். கிட்னிக்கு ஒருத்தர்கிட்டப் போனேன். காலைல பத்து டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் போயி, அடிக்கடி ஒண்ணுக்குப் போகுதுன்னேன். இருபது வயசுப் பையன் கிட்னிங்கன்னாரு. காதுக்குப் போனேன். கதவுக்கு வெளிய நர்சம்மா குசுகுசுன்னு பேசுனதுக்குப் பதில் சொல்லி மாட்டிக்கிட்டேன். இந்த வயசுல இவ்வளவு நல்லா இருக்கறது யாருக்கு வேணும் சொல்லுங்க.

அப்பத்தான் ஒரு நாளு போன் வந்துச்சு. ஜெபசெல்விதான். ஐயா, எப்படி இருக்கீங்கன்னுச்சு. நான் வெறைப்பா, நல்லாத்தான் இருக்கேன், நீங்கதானே சொன்னீங்கன்னேன். அது சிரிச்சுட்டுச் சொல்லுது, டாக்டர் மேல் மாடியில இன்னும் ரெண்டு ரூம் போட்டிருக்காரு, என்னைய மாதிரி ரெண்டு பேரு புதுசா சேந்திருக்காங்க, பழக்கற பொறுப்பு எனக்கு. நெஜ நோயாளிகிட்ட விடறதுக்கு முன்னால ஒரு ஆள்கிட்டப் பேசிப் பழகணும். நீங்க நோயாளியா வரணும் ஐயா, செவ்வாய்க்கிழமை. வியாதி நான் தர்றேன்னுச்சு.

நான் போனைக் காதுல வெச்சுக்கிட்டே இஸ்திரிச் சட்டையத் தேட ஆரம்பிச்சுட்டேனுங்க, மறைக்கறதுக்கென்ன. இருந்தாலும் உட்டுக் குடுக்கல. என்ன வியாதி குடுப்பீங்கன்னு கேட்டேன். நடந்தா நெஞ்சுவலி, நின்னா சரியாயிரும், அது போதும்னுச்சு. பதினெட்டு வருச அனுபவஸ்தனுக்கு இது கட்டுமா? வால்வு குடுங்கன்னேன். மொத வாரம் நெஞ்சுவலி, நல்லாப் பண்ணுனா அடுத்த வாரம் வால்வுன்னு ஒத்துக்கிச்சு. அதுவும் ஒரு கண்டிசன் போட்டுச்சு. புதுசா வந்தவங்களை டாக்டருக்குச் சொந்தமாக்கக் கூடாதாமா. நானும் பாத்துக்கலாம்னுட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை போனேன். கலாமணி எந்திரிச்சு நின்னு ஒண்ணாம் நம்பரைக் குடுத்துச்சு. மாடியில மொதல்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு, பரவால்ல, பாஸ். அடுத்து ஒரு பையன், முஸம்மில்னு, வாணியம்பாடி. அவங்களுக்கெல்லாம் நான் நெஜ நோயாளி இல்லைன்னு தெரியாதுங்க, அவ்வளவு கமுக்கமா வெச்சிருக்கோம். போகும்போது அந்தப் பொண்ணு, செமையா பண்ணுனீங்க ஐயான்னுச்சு. எதைச் சொல்லுச்சோ, மரியாதை தெரிஞ்ச புள்ள.

அந்தப் பையன் நல்லாக் கேட்டானுங்க. வலி எங்க, எத்தனை தூரம் நடந்தா வருது, கைக்கு எறங்குதா, வேர்க்குதா, பீடி சிகரெட் உண்டா. நான் நெஞ்சுல கைய வெச்சு அமுக்கிக் காட்டி, முக்கி முனகி, ஒண்ணு விடாமச் சொன்னேன். ஜெபசெல்வி ஓரமா நின்னு பாத்துக்கிட்டிருக்குது. எல்லாம் முடிஞ்சுது, எந்திரிக்கப் போறேன். அப்ப அவன் கேக்கறான், ஐயா, வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க, காலைல யாரோட சாப்பிட்டீங்கன்னு.

இது பாடத்துலயே இல்லீங்க. ஜெபசெல்வி வியாதி குடுத்துச்சு, வலி குடுத்துச்சு, மாத்திரை பேரு கூடக் குடுத்துச்சு, இதுக்குப் பதில் குடுக்கல. நான் அது மொகத்தைப் பாத்தேன். அது எங்க சொல்லிக் குடுக்குது. அந்தப் பையனும் அவசரப்படல, முழங்கால் மேல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். பதினெட்டு வருசத்துல அந்த ஆஸ்பத்திரியில யாரும் எங்கிட்ட இதைக் கேட்டதில்ல. மாடி ரூமுல சன்னல் பெருசுங்க, ஸ்டேசன் வரைக்கும் தெரியுது. ஒரு ரயிலு போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம், இதையெல்லாம் டாக்டர்கிட்டச் சொல்லிக்கறேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

வெளிய வந்து ஜெபசெல்விகிட்டச் சொன்னேன், அம்மிணி, பையன் கெட்டிக்காரன், ஆனா அந்தக் கடைசிக் கேள்விக்கு மார்க்கைக் கொறைச்சுருங்க. நெஞ்சுவலிக்கு வந்தவன்கிட்ட யாரோட சாப்பிட்டீங்கன்னு கேக்கறதா, வலிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னேன். அது கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுது. அந்தக் கேள்வி நான் சொல்லிக் குடுத்ததுதான் ஐயா, நான் உங்ககிட்டக் கேக்காம விட்டது அது ஒண்ணுதான்னுச்சு. புள்ள பாவம், அதுக்கும் தொழில்ல ஒரு தப்பு வராமப் போகுமா? போகட்டும் உடுன்னு சொல்லிட்டு வந்தேன்.

சித்தோடு தாண்டிருச்சு, இனி பக்கம்தான். நீங்க உள்ள போனீங்கன்னா மொதல்ல இவங்க யாராவது ஒருத்தருதான் கேப்பாங்க. டாக்டர்கிட்டச் சொல்லிக்கறேன்னு முடிச்சை இறுக்கிக் கட்டிக்காதீங்க, எல்லாத்தையும் சொல்லிருங்க. நான் பழக்கி உட்ட ஆளுங்க, நம்பலாம்.

இன்னைக்கு அந்தப் பையன் மறுபடியும் கேப்பானுங்க, எனக்குத் தெரியும், அவன் உடற ஆளில்ல. அதுக்கு ஒரு பதில் தயார் பண்ணிட்டேன். சித்தெ கேட்டுப் பாத்துச் சொல்லுங்க. ஊட்டுல நானும் என்ற சம்சாரமுங்க. காலைல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சந்தகை சாப்பிட்டோம். தேங்காப்பாலு கொஞ்சம் இனிப்புக் கூடிப்போச்சு, சொன்னேன், மொறைச்சுப் பாத்தா. அவ்வளவுதான். வால்வே பொய்தானுங்களே, அதோட இதுவும் இருந்துட்டுப் போகட்டும். எதுக்குச் சந்தகைன்னு கேளுங்க. அங்கதான் செக்கிங் மூளை. தோசைன்னு சொன்னா ஒத்தை ஆளாச் சுட்டிருப்பான்னு சந்தேகம் வரும். சந்தகைன்னா சந்தேகமே வராது, ஒருத்தரு அழுத்த ஒருத்தரு ஏந்தோணும், ஒத்தை ஆளாப் புழியவே முடியாதுங்களே.

எப்படி, நம்பற மாதிரி இருக்குதுங்களா? சொல்லுங்க. ஏனுங்க, நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கேன், நீங்க சன்னலைப் பாத்துக்கிட்டிருக்கீங்க. டிக்கெட் வாங்கிட்டீங்கள்ல?